வயதைச் சொல்லும் சொற்கள்

ஆங்கிலத்தில் முதுமையைக் குறிக்க நாள்தோறும் வழங்கிவரும் 'ஓல்டு' என்னும் சொல்லின் வேரை அகழ்ந்து பார்ப்போமானால், அங்கே நரையையோ தளர்ச்சியையோ காண்பதில்லை. ஊட்டுதல், வளர்த்தல் என்னும் பொருளையே காண்கிறோம். இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் பழைய வேர்களுள் ஒன்றாகிய 'அல்' என்பதினின்று ஜெர்மானிய மொழிகளின் வழியாக இச்சொல் பிறந்தது. அதே வேர் இலத்தீன் மொழியில் 'அலேரே' என நின்று, ஊட்டி வளர்ப்பதைக் குறித்தது. வளர்ந்துகொண்டிருப்பவர் 'அடோலசென்ட்', வளர்ந்து முடித்தவர் 'அடல்ட்'. நம் பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் பெருமையோடு சூடிக்கொள்ளும் 'அலம்னி' என்ற பெயரும் இவ்வேரின் கிளையே. ஊட்டி வளர்க்கப்பெற்றோர் என்பது அதன் பொருள். ஆக, ஓல்டு என்று ஒருவரை அழைக்கும்போது, இவர் பலரால், பல காலம், ஊட்டி வளர்க்கப்பட்டவர் என்றே மூலமொழி சொல்லிற்று. சொல்லைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது மறந்துபோயிற்று என்பது வேறு.

வயதைக் குறிக்கும் சொற்களின் வரலாறு இப்படிப்பட்டதுதான். அவை ஆண்டுகளை எண்ணுவதற்காகப் பிறந்தவை அல்ல. ஒரு மனிதனுக்கு உலகம் எதைக் கொடுத்தது, அவனிடம் எதை எதிர்பார்த்தது, அவன் பேச்சுக்கு எவ்வளவு செவி சாய்த்தது என்பவற்றையே அவை பதிந்து வைத்திருக்கின்றன. ஆங்கிலச் சொற்கள் சிலவற்றையும் நம் தமிழ்ச் சொற்கள் சிலவற்றையும் அருகருகே வைத்து, நாம் வாழும் கம்பம் பள்ளத்தாக்கின் வழக்குகளையும் உடன் சேர்த்து, இதனைச் சற்று நோக்குவோம்.

பிறந்த குழந்தையைக் குறிக்கும் 'இன்ஃபன்ட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் 'ஃபாரி' என்றால் பேசுதல். 'இன்' என்னும் எதிர்மறை முன்னொட்டு அதனோடு சேர, பேசாதவர் என்று பொருள்படும் 'இன்ஃபான்ஸ்' உண்டாயிற்று. நாளடைவில் இச்சொல்லின் எல்லை விரிந்தது. இத்தாலியில் வீரர்களின் பின்னே கால்நடையாகச் சென்ற இளைஞர்களுக்கு இப்பெயர் வழங்க, அதினின்று காலாட்படையைக் குறிக்கும் 'இன்ஃபன்ட்ரி' பிறந்தது. இங்கிலாந்தின் சட்டமோ 21 வயது நிறையாத எவரையும் இன்ஃபன்ட் என்றே நெடுங்காலம் அழைத்துவந்தது. மீசை முளைத்த இளைஞன் வாய் ஓயாமல் பேசலாம். ஆனால் அவன் சொல் அவனைக் கட்டாது, நீதிமன்றத்தில் நிற்காது. அவ்வகையில் அவனும் பேசாதவனே. திருச்சபையின் சட்டமும் இச்சொல்லை ஆளுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 7 வயது நிறையாதவரை இன்ஃபான்ஸ் என்றும், அவ்வயது நிறைந்தவர் பகுத்தறிவுடையவராகக் கருதப்படுவார் என்றும் வரையறுக்கிறது. 1910இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் சிறு பிள்ளைகளை நற்கருணைப் பந்திக்கு அழைத்தபோது குறித்த வயதும் ஏறத்தாழ இந்த ஏழே. திருமுழுக்கில் ஞானப் பெற்றோர் குழந்தையின் சார்பாக மறுமொழி கூறுவதன் காரணமும் இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. பேச இயலாத ஒருவருக்காக வேறொருவர் வாய் திறந்தாக வேண்டும் அன்றோ!

மறுமுனையில் நிற்பவை முதியோரைக் குறிக்கும் சொற்கள். இலத்தீனில் முதியவர் 'செனெக்ஸ்'. அவரினும் மூத்தவர் 'சீனியர்'. முதியோர் கூடி ஆளும் அவை 'செனட்'. இந்தச் சீனியர்தான் பிரெஞ்சு மொழியில் தேய்ந்து, ஆங்கிலத்தில் 'சர்' ஆனார்; இத்தாலியில் 'சிஞ்ஞோர்' ஆனார்; மறைமாவட்டப் பெரியோர் சிலருக்கு வழங்கும் 'மொன்சிஞ்ஞோர்' பட்டத்திலும் அவரே ஒளிந்திருக்கிறார். நம் பள்ளிப் பிள்ளைகள் இருபத்தைந்து வயது ஆசிரியரைச் 'சார்' என்று கூப்பிடும்போது, அவரை மூத்தவரே என்று விளிக்கிறார்கள். இனி, 'பிரீஸ்ட்' என்னும் சொல்லுக்கு வருவோம். கிரேக்க மொழியில் 'பிரெஸ்புத்தேரோஸ்' என்றால் மூத்தவர். தொடக்கத் திருச்சபையின் குழுக்களை வழிநடத்திய மூப்பர்களுக்கு இப்பெயர் வழங்கிற்று. இலத்தீன் வழியாக ஆங்கிலம் புகுந்து, அது குருவானவரைக் குறிக்கும் சொல்லாகக் குறுகிற்று. எபிரேய மொழியிலோ மூப்பரைக் குறிக்கும் 'சாக்கேன்' என்ற சொல், தாடியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. நாமும் 'குரு' என்கிறோம். வடமொழியில் அது கனமானவர் என்று பொருள்படும். புத்தம் புதிதாக அருள்பொழிவு பெற்ற இளங்குருவை எழுபது வயதுப் பாட்டி 'சாமி' என்று கும்பிடும் காட்சியில், மூத்தவர் என்ற சொல் ஆண்டுக் கணக்கை உதறிவிட்டு நடப்பதைக் காணலாம்.

இரு சொற்களையும் சேர்த்துப் பார்த்தால், பேசாதவர் என்பது ஒரு முனை. அவையில் பேசும் உரிமை உடையவர் என்பது மறுமுனை. ஐரோப்பிய மொழிகள் மனித வாழ்வை இவ்விரண்டுக்கும் இடையே நீட்டி வைத்தன.

தமிழ் என்ன செய்தது? இங்கேயும் அதே போக்கைக் காண்கிறோம், ஆனால் முடிவு வேறு. இன்று எவரையேனும் 'கிழவன்' என்றால் அவர் முகம் சுளிப்பார். சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களிலோ கிழவன் என்பான் தலைவன், கிழத்தி தலைவி. இருவரும் காதல் வாழ்வின் நடுவில் நிற்கும் இளையோர். கிழமை என்றால் உரிமை. நிலத்துக்கும் ஊருக்கும் உரியவர் கிழார். கோவூர் கிழார் போன்ற புலவர் பெயர்களில் இது விளங்கும். உரிமை உடையவரைக் குறித்த சொல்லே வயது முதிர்ந்தவரையும் குறித்தது. பின்னர் உரிமை கழன்றுவிட, வயது மட்டும் எஞ்சிற்று. மேலை நாட்டில் சீனியர் சர் ஆக உயர்ந்தார். இங்கே கிழவர் உரிமை இழந்து திண்ணைக்கு வந்துவிட்டார். இவ்விரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் நடந்த பயணத்தை மொழியறிஞர்கள் தனியே ஆராயலாம். நமக்கு அது மனத்தில் உறுத்தினால் போதும்.

'விடலை'யும் இப்படித்தான். பாலை நிலத்து வீரனைக் குறித்த அச்சொல், இன்று பேருந்து நிறுத்தத்தில் வீணே நிற்கும் பையன்களுக்கு வசைபோல ஆகிவிட்டது. 'பிள்ளை' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்லி, எந்த உயிரின் குட்டிக்கு எது உரியது என்று பங்கிடுகிறது. மனிதக் குழந்தைக்கு அது ஒதுக்குபவை குழவி, மகவு என்னும் இரண்டே. பிள்ளை என்பது அக்காலத்தில் மனிதருக்கு உரிய பெயரன்று. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை, நம் தோப்புகளில் நடுகின்ற தென்னம்பிள்ளை என்பவை அப்பழைய வழக்கின் எச்சங்கள். பிற்காலத்தில் பிள்ளை மனித வீட்டுக்குள் நுழைந்து மடியில் ஏறிக்கொண்டது. ஆங்கிலத்தின் 'கேர்ள்' என்ற சொல்லும் தொடக்கத்தில் ஆண், பெண் எனப் பிரிக்காமல் எக்குழந்தையையும் குறித்தது என்பதை இங்கே நினைவு கூரலாம். எந்த வீட்டிலேனும் இச்சொற்கள் இன்றும் வேறுபாடு காட்டாமல் வழங்கினால் நல்லது என்று தோன்றுகிறது.

தமிழர் குழந்தைப் பருவத்தை அளந்த நுட்பம் வியப்புக்குரியது. பிள்ளைத்தமிழ் இலக்கணம் 3ஆம் மாதத்துக் காப்புப் பருவம் தொடங்கி, 21ஆம் மாதத்துச் சிறுதேர்ப் பருவம் வரை, இரண்டிரண்டு மாதமாகப் பத்துப் பருவங்களை வகுத்தது. தலை நிமிர்த்தல், கை கொட்டல், தளர்நடை நடந்து வருதல் என்று உடல் செய்யும் செயலே அங்கு அளவுகோல். பெண்ணுக்கோ உலா இலக்கியம் ஏழு பருவங்களை வகுத்தது. 5 வயதில் பேதையாகத் தொடங்கி, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை என வளர்ந்து, 40 வயதில் பேரிளம்பெண்ணோடு அது முடிகிறது. பேதை என்ற முதற் பெயருக்கே அறியாதவள் என்று பொருள். 40க்குப் பின் பெயரில்லை. தெருவில் உலா வரும் அரசனைக் கண்டு மயங்கும் வயது கடந்துவிட்டால், இலக்கணத்துக்கு அவளிடம் வேலையில்லை போலும்! பேத்தியை மடியில் வைத்துக் காது குத்திய பாட்டிக்கு ஒரு பருவப்பெயர் வைக்க எப்புலவரும் முன்வரவில்லை.

ஏட்டில் இவ்வாறிருக்க, வயல்வெளியில் வயது வேறு வகையாக எண்ணப்பட்டது. 'வயது' என்னும் சொல்லே வடமொழியின் 'வயஸ்' என்பதன் திரிபு. அதற்கு உடல் வலிமை என்ற பொருளும் உண்டு. நம் பள்ளத்தாக்கின் பேச்சில் வயசுப் பையன் என்றால் இளைஞன். வயசாளி என்றால் முதியவர். வயசுக்கு வந்தாள் என்றால் பூப்பெய்தினாள். எண் எதுவும் சொல்லாமலே மூன்று நிலைகள் விளங்கிவிடுகின்றன. மாட்டுச் சந்தையில் காளையின் வயதை எவரும் ஆண்டால் கேட்பதில்லை. வாயைத் திறந்து பார்த்து, பல் போடாதது, இரண்டு பல், நாலு பல், ஆறு பல், பல் சேர்ந்தது என்பர். எட்டு நிலைப்பற்களும் வந்துவிட்டால் ஏறத்தாழ ஐந்து வயது. ஆங்கிலேயரும் குதிரையைப் பார்த்தே, பல் நீண்டவர் என்று முதியவரைக் கேலி பேசக் கற்றனர். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்த தாய்க்குப் பிறந்த தேதி தெரியாது. வாத்தியார் பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது! உடனே பதிவேட்டில், பள்ளி திறக்கும் மாதத்துக்குப் பொருந்த, ஒரு பிறந்த நாள் எழுதப்படும். இன்று ஓய்வூதியம் பெறும் முதியோர் பலருக்கு மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்த நாள் வருவதன் இரகசியம் இதுவே.

பெரியவர்களின் வயதோ பஞ்சத்தாலும் வெள்ளத்தாலும் அளக்கப்பட்டது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடத்துப் பஞ்சம் தலைமுறைகளுக்கு ஒரு மைல்கல்லாக நின்றது. 1895 அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கியது. ஒருபோக நிலம் இருபோகமான அந்நிகழ்வைப் போல ஆண்டை நினைவில் நிறுத்தவல்லது வேறு என்ன? பிரபவ முதல் அட்சய வரையான 60 ஆண்டுச் சக்கரமும் துணை நின்றது. பிறந்த வருடப் பெயரைச் சொன்னால் போதும், ஊர்ப்பெரியவர் விரல்விட்டு எண்ணிவிடுவார். ஒரு முழுச் சக்கரம் திரும்பினால் மணிவிழா.

இவ்விடத்தில் நம் பங்குகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை நன்றியோடு நினைக்க வேண்டும். 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் விதித்த ஒழுங்கின்படி, எந்தக் குக்கிராமத்துப் பிள்ளைக்கும் பெற்றோர் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் நாளும் எழுதப்பட்டன. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899இல் தனிச் சட்டம் வந்தது. எனினும் காட்டு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களில் அது நடைமுறைக்கு வர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. இந்தியா முழுமைக்குமான இன்றைய பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. 1938இல் மதுரை தனி மறைமாவட்டமாக ஆவதற்கு முன்பு, திருச்சி மறைமாவட்டத்தின் ஒரு பகுதியாக நாம் இருந்த காலத்தில், அந்தத் தடித்த பேரேடுகளே பலருக்குப் பிறப்புச் சான்றாக விளங்கின. அவற்றில் ஏறிய பெண் குழந்தைகளின் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லலாம்: எழுதப்பட்டுவிட்ட பெயரை இல்லாமற் செய்வது எளிதன்று.

பின்னர் எண்கள் ஆட்சிக்கு வந்தன. 1929இன் குழந்தை மணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 14 என்றது. 1949இல் அது 15 ஆகி, 1978இல் 18 ஆயிற்று. பேதை, பெதும்பை, மங்கை ஆகிய மூவரும் இந்த எண்ணுக்குள் காக்கப்பட்டனர், மடந்தையும் பாதி. புலவர் மயக்கத்தை எழுதிய இடத்தில் சட்டம் பாதுகாப்பை எழுதியது என்றால் மிகையாகாது. அமெரிக்காவிலிருந்து 'டீன் ஏஜர்' வந்தார். 13 முதல் 19 வரையான ஆங்கில எண்களின் வால் ஒரு பருவத்தின் பெயராகிவிட்டது. 'பதின்பருவம்' என்று தமிழில் அதற்குப் பெயர் புனைந்தோம். 'சீனியர் சிட்டிசன்' என்பதும் அங்கிருந்து வந்ததே. மூத்த குடிமக்கள் என்றோம். 2007இல் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 60 வயது நிறைந்தவரை அப்பெயரால் அழைத்து, பிள்ளைகள் அவர்களைப் பேண வேண்டும் எனக் கட்டளையிட்டது. 1995 ஆகஸ்டில் தொடங்கிய மைய அரசின் முதியோர் உதவித்தொகைக்கு 65 வயது வேண்டும் என்று இருந்தது. 2011இல் அது 60 ஆகக் குறைந்தது. காதைத் தொட்டு வயது சொன்ன தலைமுறை, எண்ணைக் காட்டிச் சோறு பெற வேண்டியதாயிற்று. எண்ணின் கருணையும் நிலையானதன்று. மூத்த குடிமக்களுக்கான இரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2010 இறுதியில் மூடப்பட்ட நம் இருப்புப் பாதை அகலமாக்கப்பட்டு, 2022 மே மாதத்தில் தேனிக்கு மீண்டும் இரயில் வந்து நின்றபோது, பதினோரு ஆண்டுக்கு மேல் காத்திருந்த முதியோர் முழுக் கட்டணம் கொடுத்தே ஏறினர்.

ஊட்டுதல் என்னும் வேரிலிருந்து நாம் தொடங்கினோம். திருச்சபையின் நோன்புச் சட்டம், 60ஆம் வயது தொடங்கியதும் உண்ணாநோன்புக் கடமையிலிருந்து ஒருவரை விடுவித்துவிடுகிறது. முதியவர் உண்ண வேண்டியவர் என்பதே அதன் குறிப்பு. ஆனால் நம் தென்மாவட்டங்களின் அண்மை வரலாறு, இரு முனைகளிலும் ஊட்ட மறுத்த கைகளையும் கண்டிருக்கிறது.

ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால் உசிலம்பட்டி வட்டாரத்தில் நடந்துவந்த பெண்சிசுக் கொலைகளை 1986 ஜூனில் 'இந்தியா டுடே' இதழ் வெளியுலகுக்குக் காட்டியது. தேனி அல்லிநகரத்தில் பிறந்த இயக்குநர் பாரதிராஜா 1994இல் 'கருத்தம்மா' திரைப்படத்தில் அதனையே எடுத்துரைத்தார். 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனி மாவட்டத்துக்கும் வந்தது. இவ்வரலாற்றில் சொல்லின் பங்கு ஒன்றுண்டு. 'சிசு' என்பது நம் வீட்டுப் பேச்சில் வழங்கும் சொல்லன்று. வீட்டில் அது பச்சைப்பிள்ளை, பச்சை மண். சிசுக்கொலை என்று செய்தித்தாளில் படித்தபோது வேறெங்கோ, வேறெவர்க்கோ நிகழ்ந்ததுபோல் இருந்தது. பச்சைப்பிள்ளையைக் கொன்றார்கள் என்று எழுதியிருந்தால், படித்தவர் கையில் இதழ் நடுங்கியிருக்கும்.

மறுமுனையில் நிகழ்ந்ததற்கு வீட்டுச் சொல்லே பெயராயிற்று. படுக்கையில் விழுந்த முதியோரை எண்ணெய் முழுக்காட்டி உயிர் பிரியச் செய்யும் 'தலைக்கூத்தல்' என்னும் வழக்கம், விருதுநகர் மாவட்டச் செய்திகளின் வழியாக 2010இல் பரவலாக வெளிவந்தது. தலைக்கு ஊற்றுதல் என்பதே அச்சொல். அம்மை இறங்கியவருக்குத் தலைக்கு ஊற்றுகிறோம். பூப்பெய்திய பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றுகிறோம். திருமுழுக்கில் குழந்தைக்கும் தலையிலேயே நீர் வார்க்கிறோம். ஒருவரை வாழ்வுக்குள் அழைத்துக்கொள்ளும் செயலின் பெயரே, அவரை வெளியே அனுப்பும் செயலுக்கும் போர்வையாயிற்று. கொலை என்ற சொல் எவர் வாயிலும் வராமல் காரியம் முடிந்தது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பதினெட்டுச் சொற்களைத் தொகுத்துச் சொல்கிறார். அவை மனிதரைக் குறிப்பவை, ஆகவே உயர்திணை; ஆயினும் அஃறிணை வினையையே ஏற்கும் என்பது அவர் கூறும் விதி. குழவி, மகவு, இளமை, மூப்பு ஆகிய நான்கும் அப்பட்டியலில் உள்ளன. குழந்தை அழுதது என்கிறோம், அழுதான் என்பதில்லை. அரசு என்ற சொல்லும் அதே பட்டியலில் இருப்பதால், அஃறிணை என்றவுடன் இழிவு என்று கொள்ளுதல் ஆகாது. இன்னும் நோக்கினால், அன்பினால் சொல்லப்படும் சொல்லும், சினத்தினால் சொல்லப்படும் சொல்லும் அங்கே அருகருகே நிற்கின்றன. இரண்டும் மனிதரை அஃறிணையாக்கும் என்று அந்த இலக்கண ஆசிரியர் கண்டிருக்கிறார்.

அவர் கண்டதை நம் ஊர்ப் பேச்சில் இன்றும் கேட்கலாம். 'அம்மா சொல்லுச்சு', 'அப்பத்தா வந்துருச்சு' என்று பாசம் மிகுதியால் அஃறிணையில் பேசுவது மதுரை, தேனிப் பக்கத்து வழக்கு. மரியாதைப் பன்மை அங்கே அந்நியமாக ஒலிக்கும். அதே திண்ணையில், அதே அஃறிணையில், 'கெழடு இன்னும் கெடக்குது' என்ற பேச்சும் கேட்கிறது. வினைமுற்று இரண்டிலும் ஒன்றே. முன்னே நிற்கும் பெயர் அப்பத்தாவா, கெழடா என்பதைக் கொண்டுதான், அந்த வீட்டில் இன்று அவருக்குச் சோறு வைத்தார்களா என்று அறிய வேண்டியிருக்கிறது.